வில்ஃப் எந்தத் தண்ணியில விழுந்தாரு

அதுவா? நான் தூண்டில் போடாம இங்க யாரும் போட மாட்டாங்க தம்பி. அதான் எல்லாரும் கம்பைப் புல்லுல கெடத்திட்டுச் சும்மா உக்காந்திருக்காங்க. எங்க தூண்டில் சங்கத்து வழக்கம். வயசுல மூத்தவரு முதல்ல போடணும், அப்புறம்தான் மத்தவங்க. இன்னிக்கு ஜூன் பதினாறு இல்லையா, ஆத்துக்குத் தடைக்காலம் முடியிற நாள். மார்ச் பாதியில மூடினா இன்னிக்குத்தான் தொறக்கும். பண்டிகை மாதிரின்னு வெச்சுக்கோங்களேன். அதோ அந்தத் தலைப்பாகை தெரியுதா, ஹர்பஜன் சிங், எங்க செயலாளரு. மக கல்யாணத்தன்னிக்குக்கூட அந்தச் சட்டைய இஸ்திரி போட்டிருக்க மாட்டாரு, இன்னிக்குப் போட்டிருக்காரு.

உக்காருங்க. மதகுப் பூட்டைப் பத்து மணிக்குத்தான் தொறப்பாங்க, அப்பத்தான் உங்க படகு போக முடியும். மழை கொறஞ்சுபோச்சு, தண்ணியச் சேத்து வெக்கிறாங்க. அதுவரைக்கும் படகுல தனியா என்ன பண்ணப் போறீங்க? இந்தப் பெட்டி மேல உக்காருங்க, தாங்கும். கோட்டு கெடந்தா கெடக்கட்டும், அதுமேலயே உக்காருங்க, பனி ஈரம். டீ ஊத்தட்டுமா? இனிப்பு சாஸ்தியா இருக்கும். சம்சாரம் இருந்தவரைக்கும் ஒரு கரண்டிக்கு மேல விடமாட்டா. இப்ப அதட்ட ஆளில்ல. பேக்கன் வெச்ச ரொட்டி இருக்கு. வேணாமா? சரி, டீயாச்சும்.

இங்கயே பாக்குறாங்களா? பாப்பாங்க. நான் எப்ப எந்திரிப்பேன்னு பாக்குறாங்க. நீங்க அதைக் கண்டுக்காதீங்க.

போன வருசம் வரைக்கும் முதல் தூண்டில் வில்ஃப்போடது. ஆமா, அந்த வில்ஃப்தான். ஏப்ரல்ல செத்துப்போனாரே. உங்களை எனக்குத் தெரியும் தம்பி. விசாரணையில நீங்க சாட்சி சொன்னப்ப நான் பின்வரிசையில உக்காந்திருந்தேன். கடைசியா அவரை உசுரோட பாத்தது நீங்கதானே. நேத்து சாயங்காலம் உங்க படகு பாலத்தைத் தாண்டி வந்ததுமே எனக்கு அடையாளம் தெரிஞ்சுபோச்சு. நீலப் படகு, கூரை மேல சைக்கிள். பழைய எடத்துலயே, அதே வளையத்துலயே கட்டியிருக்கீங்க. நல்ல எடம். ஆழமான எடம்.

இல்ல இல்ல, அதுக்காகக் கூப்பிடல. சும்மாதான். அவரைப் பத்திப் பேச ஆளில்ல இப்போ, அதான்.

வில்ஃப் எப்பிடின்னா, வாயத் தொறந்தா வம்பு. எப்பவாச்சும் நான் ஒரு நல்ல மீனைப் புடிச்சிட்டேன்னு வைங்க, மோரிஸு, இந்த மீனுக்கு வீட்டுல ஏதோ மனக்கஷ்டம்டா, சாகணும்னு முடிவு பண்ணிட்டு ஒன் தூண்டிலைத் தேடி வந்திருக்குன்னுவாரு. எண்பதைத் தாண்டின ஆளு. குளிர்காலம் பூரா வீட்டுல உக்காந்து தூண்டில் முள்ளுல போலிப் பூச்சி கட்டுவாரு. ரயில் பாலத்துக்குக் கீழ உதுந்து கெடக்கிற புறா எறகு, மக லொரெய்ன் வளக்கிற பூனையோட முடி, எது கெடச்சாலும் பூச்சியாயிடும். அந்தப் பூனை இவரு கத்திரிக்கோலை எடுத்தாலே அலமாரி மேல ஏறிடும். கோடை வந்ததும் ஆத்துல எறங்கி, பேரங்காடித் தள்ளுவண்டி ஒண்ணு முழுகிக் கெடக்குதே அங்க, அதுக்கடியில நிக்கிற மீனுக்கு அந்தப் பூச்சியைத் தண்ணி மேல மெதக்க விடுவாரு. தலைக்கு மேல ஏரோப்ளேன் போயிட்டே இருக்கும், எதிர்க்கரையில பச்சைக்கிளி கத்தும், எதுவும் அவரு காதுல விழாது. புடிச்சதும் ஈரக்கையால பதமாப் புடிச்சு மறுபடி தண்ணியில விட்டுடுவாரு.

நாங்க திங்க மாட்டோம் தம்பி. அப்ப எதுக்குப் புடிக்கிறீங்கன்னா? என் சம்சாரமும் சாகிறவரைக்கும் அதைத்தான் கேட்டா.

விசாரணையில என்ன சொன்னாங்க, கெழவன் ஆத்துல மீன் புடிக்கப் போனான், கால் வழுக்கிச்சு, தலையில அடிபட்டுது, தண்ணி இழுத்துட்டுப் போச்சுன்னு. ரெண்டு தண்ணியும் சேருதே அந்த முனையில, அதுக்குக் கீழ அவரை எடுத்தாங்க. விபத்துன்னு எழுதி மூடிட்டாங்க. ஊருக்கு அது விபத்து. எங்களுக்கு அப்பிடி இல்ல தம்பி.

ஏன்னா ஏப்ரல் தடைக்காலம். ஆத்துல மீன் முட்டை போடுற காலம். அப்ப அங்க தூண்டில் போடுறது குத்தம், சட்டப்படியும் குத்தம், எங்களுக்குள்ள அதைவிடப் பெரிய அசிங்கம். இந்தத் திட்டுக்கு நாங்க நாக்குன்னு பேரு வெச்சிருக்கோம், பாத்தீங்களா, இந்தப் பக்கம் பிரென்ட் ஆறு, அந்தப் பக்கம் உங்க படகு நிக்கிற கால்வாய், நடுவுல இத்துனூண்டு நெலம், கொஞ்சம் காஞ்சொறிப் புதரு. ஆத்துக்குத்தான் தடை. கால்வாய்க்குத் தடை கெடையாது, வருசம் பூராப் போடலாம்.

தெரியாதா உங்களுக்கு? ம். நெறைய பேருக்குத் தெரியாது. தண்ணி தண்ணிதானேன்னு நெனச்சிடுவாங்க.

டீ ஆறிப்போகுது, குடிங்க.

அதனால சங்கத்துல என்ன ஆச்சுன்னா, வில்ஃப் பேரை யாரும் வாயில எடுக்கல. கொட்டாயில மாட்டியிருந்த அவரு போட்டோவைக் கழட்டிட்டாங்க. சவ அடக்கத்துக்கு ஹர்பஜனும் நானும் இன்னும் ரெண்டு பேரும், அவ்வளவுதான். இத்தனைக்கும் சொந்த மச்சானையே தடைக்காலத்துல புடிச்சு அதிகாரிகிட்ட ஒப்படைச்ச மனுசன். தங்கச்சி சாகிறவரைக்கும் அண்ணன்கூடப் பேசல. அப்பேர்ப்பட்ட ஆளு கடைசியில திருட்டு மீன் புடிக்கப் போய்ச் செத்தான்னு ஆயிடுச்சு. லொரெய்ன் பள்ளிக்கூடத்துச் சமையல்ல வேலை பாக்குறா. கடையில எவளோ ஒருத்தி அவ காதுபடவே, திருட்டுக் கெழவனுக்கு ஆண்டவன் கூலி குடுத்தான்னு சொல்லியிருக்கா. அந்தப் புள்ள என்கிட்ட வந்து, மோரிஸ் மாமா, எங்கப்பா அப்பிடிப் பண்ணியிருப்பாரான்னு கேட்டா. பண்ணியிருக்க மாட்டாரும்மான்னேன். அப்ப ஏன் அவரு சாமானெல்லாம் ஆத்தோரம் இருந்துச்சுன்னா.

இன்னொரு தடவ சொல்லுங்களேன், அன்னிக்கு என்ன பாத்தீங்கன்னு. காது மந்தம் எனக்கு, அங்க சரியாக் கேக்கல. சும்மா சொல்லுங்க, இங்க என்ன வக்கீலா இருக்கான்.

ம்... கடைக்குக் கெளம்பினீங்க... ம். இந்தா இந்த எடத்துல, ஆத்தைப் பாத்து உக்காந்திருந்தாரு. கையில நீளக் கம்பு. கை காட்டினாரா? அது புதுசா இருக்கே, அங்க சொல்லல போல. சரி சரி, ஞாபகம் இப்பத்தான் வருது, வரும் வரும். திரும்பி வந்தப்ப பெட்டியும் கம்பும் மட்டும் இருந்துச்சு. அவரு தக்கை தெரிஞ்சுதா தம்பி, தண்ணியில? தெரிஞ்சுதா. என்ன நெறம்? சிவப்பு. மெதந்துட்டிருந்துச்சு. அவ்வளவு தூரத்துலேருந்து. நல்ல கண்ணு உங்களுக்கு.

எங்க எந்திரிக்கிறீங்க? பத்தாக இன்னும் நேரம் கெடக்கு. உக்காருங்க. ஹர்பஜன் ஏன் எந்திரிச்சாருன்னா கேக்குறீங்க, காலு மரத்துப்போயிருக்கும். அந்த ரெண்டு பேரும் அதுக்குத்தான் நிப்பாங்க. வயசானவங்க தம்பி, ஒரே எடத்துல உக்கார முடியுமா.

போன வாரம் லொரெய்ன் கூப்பிட்டா. போலீஸ் திருப்பிக் குடுத்த அப்பா சாமானைத் தோட்டத்துக் கொட்டகையில போட்டு வெச்சிருந்தா. தொறந்து பாக்க மனசு வரலியாம். நீங்க எடுத்துட்டுப் போய் யாருக்காச்சும் குடுத்துடுங்க மாமான்னா. வீட்டுக்குக் கொண்டாந்து சமையக்கட்டு மேசையில வெச்சுத் தொறந்தேன். புழு டப்பாவை யாரும் தொடல போல. மூடியைத் தொறந்தா உள்ள பூரா ஈ. புழுவெல்லாம் கூடு கட்டி, ஈயாகி, வெளிய வர வழியில்லாம அப்பிடியே செத்துக் கருப்பாக் கெடந்துச்சு.

ஆமா, நீங்க உக்காந்திருக்கீங்களே, இதான் அந்தப் பெட்டி. கோட்டை எடுத்துப் பாருங்க. சூடா இருக்கா என்ன, இப்பிடித் துள்ளுறீங்க? பெட்டிதானே. ஏற்கெனவே ஒருதரம் தூக்கின பெட்டிதானே.

ஒண்ணுமில்ல. சொல்றதைக் கேளுங்க.

கம்போட நுனித்துண்டுல தங்கூசி, அதான் தூண்டில் நூலு, சுத்தினபடி இருந்துச்சு. போலீஸ்காரங்க மடக்கி வெச்சது, ஆனா அவுக்கல. தக்கையும் முள்ளும் அப்பிடியே. நான் அதைக் கையில எடுத்தேன். மயிலெறகுத் தண்டுல அவரே சீவின தக்கை, தீக்குச்சி பருமன் இருக்கும். நுனியில கறுப்பு மை. வெளிச்சத்துல தண்ணி வெள்ளையாத் தெரியுமாம், அதுல கறுப்புதான் கண்ணுக்கு எடுக்கும்பாரு. சிவப்புத் தக்கை வெச்சிருக்கிறவனைப் பாத்தா, என்னடா, மீனுக்கு டிராபிக் விளக்கு போடுறியான்னுதான் கேப்பாரு. அவரு பெட்டியில சிவப்பு கெடையாது தம்பி. ஒண்ணுகூடக் கெடையாது.

மறந்திருப்பீங்க. இருக்கட்டும். நெறத்தை யாரு வேணா மறக்கலாம்.

ஆனா இன்னொண்ணு இருக்கு. மீன் புடிக்க உக்காந்ததும் நாங்க செய்யிற முதல் வேலை என்ன தெரியுமா? ஆழம் பாக்கிறது. முள்ளுல ஈயத்தை மாட்டித் தண்ணிக்குள்ள எறக்கி, தக்கையை மேல கீழ நகத்தி, தரைய இரை லேசாத் தொடுற மாதிரி வெப்போம். அப்ப தக்கைக்கும் முள்ளுக்கும் நடுவுல இருக்கிற தங்கூசிதான் அந்த எடத்தோட ஆழம். வில்ஃப் அதுல பேயி. நகக்கண்ணு அளவு பிசகினாலும் மறுபடி பாப்பாரு. நான் ரெண்டு மீன் புடிச்சு முடிச்சிருப்பேன், அவரு இன்னும் ஆழம் பாத்துட்டிருப்பாரு.

அந்தத் தங்கூசியை என் நெஞ்சுக்கு நேராப் புடிச்சுப் பாத்தேன். தரையிலேருந்து நெஞ்சு வரைக்கும் வந்துச்சு.

இந்த ஆத்தைப் பாருங்க. கல்லெல்லாம் தெரியுதா? இங்க முழங்காலுக்கு மேல தண்ணி கெடையாது. ஏப்ரல்ல மழை பேஞ்சு தொடை வரைக்கும் வந்திருக்கும்னே வெச்சுக்கோங்க. நெஞ்சளவு நூல் விட்டுட்டு இங்க எவனும் உக்கார மாட்டான். வில்ஃப் எட்டு வயசுலகூட உக்காந்திருக்க மாட்டாரு. இந்தக் கம்பு ஆத்துக்குக் கட்டினதே இல்ல தம்பி.

அப்புறம் நான் சும்மா இருப்பேனா. நுனித்துண்டை எடுத்துக்கிட்டுக் கால்வாய்க் கரைக்கு வந்தேன். மதகுலேருந்து முனை வரைக்கும் ஒவ்வொரு எடமா எறக்கிப் பாத்தேன். கரையோரமெல்லாம் சேறு தூந்து போயிருக்கு, எங்கயும் இடுப்புக்கு மேல இல்ல. தக்கை சாஞ்சு சாஞ்சு படுத்துடுது. ஹர்பஜன் பின்னாடியே வந்தாரு, என்ன மோரிஸ், தண்ணிக்கு ஊசி போடுறியான்னு சிரிச்சுக்கிட்டு. ஒரே ஒரு எடம். படகு திரும்பறதுக்காகத் தோண்டி வெச்சிருக்காங்களே, ரெண்டு வளையம் பதிச்ச எடம். அங்க எறக்கினேன். தக்கை நேரா நின்னுச்சு. கறுப்பு மை மட்டும் தண்ணிக்கு மேல. அவரு கையால இப்பத்தான் வெச்ச மாதிரி. ஹர்பஜன் சிரிக்கிறதை நிறுத்திட்டாரு.

அதே வளையம்தான். ஏப்ரல்ல உங்க படகு நின்ன வளையம். உங்க படகோட வால் பக்கத்துல உக்காந்திருக்காரு. படகு நெழல்ல மீன் நிக்கும், அதுக்காக இருக்கும். இல்ல உங்களைக் கண்காணிக்கவும் இருக்கும். அதுக்கு மொத நாள் போன்ல என்கிட்டச் சொன்னாரு, ஒரு படகுக்காரன் கக்கூசுத் தொட்டியைக் கால்வாயில கவுத்து விடுறான், மீன் குஞ்செல்லாம் வயித்தைக் காட்டிட்டு மெதக்குது, நாளைக்கு அவனை நாலு கேள்வி கேக்காம விடமாட்டேன்னு. அப்ப அது யாரு படகுன்னு நான் கேட்டுக்கல.

சண்டையே போடலியா? சரி. வில்ஃப் வாயைப் பத்தி எனக்குத் தெரியும் தம்பி. உங்கம்மாவை இழுத்திருப்பாரு, உங்க பொறப்பை இழுத்திருப்பாரு. ஒரு தள்ளு தள்ளியிருப்பீங்க. சாகட்டும்னு தள்ளியிருக்க மாட்டீங்க, அதை நான் நம்புறேன். அதுக்கப்புறம் பெட்டியையும் கம்பையும் தூக்கிட்டு இந்தக் காஞ்சொறியைத் தாண்டி இங்க கொண்டாந்து வெச்சீங்களே, அதுதான். உங்க படகுப் பக்கத்துல இருக்கக் கூடாதுன்னு. தண்ணி தண்ணிதானேன்னு. இங்க வெச்சதால ஒரு யோக்கியனைத் திருடனாக்கிட்டீங்க. நீங்க பாட்டுக்கு அங்கயே விட்டுட்டுப் போயிருந்தா, கெழவன் கால்வாயில விழுந்தான்னு நாங்களே அழுது முடிச்சிருப்போம். நான் அந்தத் தக்கையத் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டேன்.

மதகுக் கதவை ஏன் பாக்குறீங்க? அங்கயும் ரெண்டு பேரு நிக்கிறாங்க. ஒருத்தரும் உங்க மேல கை வெக்க மாட்டாங்க. பூராப் பேரும் மூட்டுவலிக்காரங்க, ஒருத்தருக்கு இடுப்பே புதுசு. வழியில நிப்பாங்க, அவ்வளவுதான். ஹர்பஜன் காலையிலயே போலீசுக்குச் சொல்லிட்டாரு. ஞாயித்துக்கெழமை பாருங்க, மெதுவாத்தான் வருவாங்க.

அவங்க வர்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் வேணும்னு கேட்டது நான்தான். அதுக்குத்தான் இவ்வளவு நேரம் வளவளன்னு பேசிட்டிருக்கேன். பஸ் லேட்டாகும்னு சொல்லியிருந்தா. அதோ, பாலத்துலேருந்து எறங்கி வர்றாளே, பச்சைக் கோட்டு, அதுதான் லொரெய்ன்.

அவ கத்த மாட்டா. அடிக்க மாட்டா. அவங்கப்பா எந்தத் தண்ணியில விழுந்தாருன்னு நான் சொல்லிட்டேன், போட்டோவும் நேத்தே பழைய ஆணியில ஏறிடுச்சு. அவ உங்களைக் கேக்கணும்னு இருக்கிறது வேற. அந்தத் தங்கூசியை அவ தன் நெஞ்சுக்கு நேராப் புடிச்சுப் பாத்தா. இவ்வளவு ஆழம்தானா மாமான்னா. இதுல ஆளு நிக்கலாமேன்னா. ஆமா, நிக்கலாம். சேறு காலைப் புடிச்சிருக்கும், குளிருல ஒடம்பு வெறைச்சிருக்கும், ஆனா கொஞ்ச நேரமாச்சும் நின்னிருப்பாரு. நின்னா கூப்பிட்டிருப்பாரு. நீங்க கரையிலதானே இருந்தீங்க.

யாரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டாருன்னு அவளுக்குத் தெரியணுமாம்.

சொல்லிடுங்க தம்பி. கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. எனக்குத் தெரிய வேணாம்.